மானுக்கு அப்பம் வைத்த பரம்பரை

ஓர்ஸ் ஹில்லில் குணரத்தினத்தின் அப்பக்கடையில் நடந்தது ஒரு சாதாரணக் களவு. களவெடுத்தது ஒரு புள்ளிமான்.

திருகோணமலை நகரத்துக்கு மான் புதினமில்லை. மற்ற ஊர்களில் மாடு படுக்கிற இடமெல்லாம் இங்கே மான் படுக்கும். வங்கி வாசலில் நிற்கும். பஸ் தரிப்பிடத்தில் பயணிகளோடு பயணியாக நிற்கும், பஸ் வந்தால் மட்டும் ஏறாது. வாழைப்பழத் தோல், மட்டைப் பெட்டி, தேர்தல் சுவரொட்டி என்று வாய்க்கு எட்டியதையெல்லாம் தின்னும். தேர்தல் சுவரொட்டி தின்றும் புத்தி கெடாமல் இருப்பது அந்த இனத்துக்கு மட்டும் வாய்த்த வரம்.

அப்படிப்பட்ட ஒன்று, ஒரு மாலை, கடைக்குள் கழுத்தை நீட்டி, வாசலோரம் இருந்து சாப்பிட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் தட்டிலிருந்த பாலப்பத்தைக் கவ்விக்கொண்டு திரும்பியது. குணரத்தினம் "அடி மூதேவி!" என்று கத்திக்கொண்டு ஈர்க்கு விளக்குமாற்றை ஓங்கியபடி பாய்ந்தார். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். குணரத்தினம் வெட்கப்பட்டு, அவளுக்கு வேறோர் அப்பம் சுடுவித்துக் கொடுத்தார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முந்திய காலமென்றால் முடிந்துமிருக்கும்.

அவள் ஊருக்குப் போய் அந்தப் படத்தைப் பொதுக்களஞ்சியத்தில் போட்டாள். பொதுக்களஞ்சியம் என்பது இணையத்தில் இருக்கிற ஒரு கலைக்களஞ்சியம். அதில் யாரும் எதையும் எழுதலாம். எழுதியதை யாரும் திருத்தலாம். திருத்தியதை இன்னொருவர் மறுபடியும் திருத்தலாம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு கை உப்புப் போட்டால் கறி ருசியாக வரும் என்ற நம்பிக்கையில் நடக்கிற குசினி.

'திருகோணமலையில் மான் ஒன்று அப்பம் உண்கிறது.' அவள் எழுதியது இவ்வளவுதான். அதில் பொய் இல்லை. ஒரு மான் ஏன் தனியாக உண்ண வேண்டும் என்று இரக்கப்பட்ட ஒருவர் 'மான்கள் அப்பம் உண்கின்றன' என்று மாற்றினார். மான்கள் தாமாக அப்பம் சுட்டிருக்க மாட்டா என்று யோசித்த அறிவாளி ஒருவர் 'மான்களுக்கு அப்பம் வழங்கப்படுகிறது' என்றார். எப்போது என்று ஒருவர் கேள்வி போட்டார். நல்ல காரியங்கள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில்தான் நடக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்த இன்னொருவர் அதையும் சேர்த்துவிட்டார். வரலாற்றில் ஆர்வமுள்ள ஒருவருக்கு 'ஒல்லாந்தர் காலம் முதல்' என்று போட்டால் அழகாக இருக்குமே என்று பட்டது. படத்தின் பின்னணியில் 'குணரத்தினம் அப்பக்கடை' என்ற பலகை தெரிந்ததால், 'குணரத்தினம் குடும்பத்தினர் பதின்மூன்று தலைமுறையாக' என்ற சொற்கள் வந்து உட்கார்ந்தன. அவர் ஓங்கியிருந்த விளக்குமாறு கடைசியில், 'தென்னை ஈர்க்காலான சடங்குக் கோலால் மானை ஆசீர்வதிப்பர்' என்று ஆனது.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கொஞ்சம் மெருகு போட்டார்கள், அவ்வளவுதான்.

குணரத்தினத்துக்குத் தன் பரம்பரையில் பாட்டனாருக்கு அப்பால் ஒருவரையும் தெரியாது. அந்தப் பாட்டனாரும் மானைக் கண்டால் அப்பத்தை நினைக்கிற ஆள் இல்லை. மிளகுத்தூளை நினைக்கிற ஆள்.

இதெல்லாம் இணையத்திலேயே கிடந்து மக்கிப் போயிருக்கும். ஆனால் குணரத்தினத்தின் கடைக்கு நேர் எதிரே, றோட்டுக்கு மறுபக்கம், மாவட்ட மரபுரிமை மெய்ப்பித்தல் சபை இருந்தது. எந்த மரபு உண்மை, எது பொய் என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை. 'சான்றில்லாதது உண்மையில்லை' என்று வாசலில் பொன் எழுத்தில் எழுதியிருந்தார்கள். சபைத் தலைவருக்கு அறிவுச் செம்மல், மரபுமாமணி, ஆய்வுத் திலகம், சமாதான நீதவான் என்று ஏகப்பட்ட பட்டங்கள். அவற்றை எழுதி முடிக்க ஒரு பலகை போதாமல் அவருடைய பெயரை இரண்டாவது பலகையில் எழுதினார்கள். அந்த இரண்டாவது பலகை ஒரு மாரி மழையில் கழன்று விழுந்தபின் அவருடைய பெயர் என்னவென்று ஊருக்கு மறந்து போயிற்று. எல்லோருக்கும் அவர் தலைவர் ஐயா.

தலைவர் ஐயாவுக்குப் பொதுக்களஞ்சியம் என்றால் அருவருப்பு. 'கண்டவன் நின்றவன் எல்லாம் எழுதுவதை இந்தக் கந்தோரில் ஆதாரமாகக் கொள்வது முற்றாகத் தடை' என்று அறிவித்தல் அடித்து, ஆராய்ச்சி அலுவலர் நிரோஜினியின் கணினித் திரைக்கு மேலேயே ஒட்டுவித்திருந்தார். அறிவித்தலுக்குக் கீழே, திரையில், பொதுக்களஞ்சியம் எந்நேரமும் திறந்திருக்கும். நிரோஜினி ஒரு மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைப் பார்த்தே 'திருமலை மரபுகள்: மெய்ப்பிக்கப்பட்ட கையேடு' என்ற நூலை எழுதி முடித்தாள். நூல் அச்சானதும், பொதுக்களஞ்சியத்துக்காரர் 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று தேடித் தவித்துக்கொண்டிருந்த இடத்திலெல்லாம் அந்தக் கையேட்டை அடிக்குறிப்பாகப் போட்டார்கள்.

"பாத்தீரோ பிள்ளை," என்றார் தலைவர் பூரித்துப்போய். "கடைசியில அவங்களும் எங்களிட்டத்தான் வரவேண்டிக் கிடக்கு."

அடுத்த கிழமை குணரத்தினத்துக்கு அழைப்பு வந்தது. அவர் மேசை துடைத்த கையைக் கழுவிவிட்டு றோட்டைக் கடந்து போனார்.

"நீர்தானே குணரத்தினம்? பதின்மூண்டாம் தலைமுறை?" என்றார் தலைவர்.

"எது ஐயா?"

"போன வெள்ளிக்கிழமை விடியக்காலமை நீர் மானுக்கு அப்பம் வைக்கேல்லை. அதுக்கு முதல் வெள்ளியும் வைக்கேல்லை. நான் இந்த யன்னலால பாத்துக்கொண்டுதான் இருந்தனான். என்ன காரணம்?"

"ஐயா, நான் ஒரு நாளும் வைக்கிறேல்லை."

"அப்ப, ஒல்லாந்தன்ர காலத்தில இருந்து வந்த மரபை நீர்தான் நிப்பாட்டினது. ஒப்புக்கொள்ளுறார். நிரோஜினி, எழுதும்."

நிரோஜினி எழுதினாள். குணரத்தினம் அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இந்தக் கதையை ஆர் சொன்னது?" என்று அவளிடம் கேட்டார்.

"கையேட்டில இருக்கு."

"கையேட்டை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"எதைப் பாத்து?"

நிரோஜினி திரையைப் பார்த்தாள். பிறகு திரைக்கு மேலேயிருந்த அறிவித்தலைப் பார்த்தாள். "பல மூலங்களைப் பாத்து," என்றாள்.

"றோட்டுக்கு அங்காலப் பக்கம்தானே நான் இருக்கிறன். ஒருக்கா வந்து என்னைக் கேட்டிருக்கலாமே?"

தலைவர் சின்னப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தார். "சம்பந்தப்பட்ட ஆளைப் போய்க் கேக்கிறது ஆராய்ச்சி இல்லை ஓய். அது விடுப்பு, ஊர்வம்பு."

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். குணரத்தினத்தின் கடை மரபுரிமை வலயத்துக்குள் இருக்கிறது. வருகிற மாதம் கடை அனுமதியைப் புதுப்பிக்கச் சபையின் சிபாரிசு வேண்டும். பதின்மூன்று தலைமுறை மரபைக் கைவிட்டவனுக்கு எந்த முகத்தோடு சிபாரிசு கொடுப்பது? வெள்ளிக்கிழமை அப்பம் வைத்தால் கடை இருக்கும். வைக்காவிட்டால், அந்த இடத்தில் அந்த மரபைப் பற்றிய ஒரு தகவல் நிலையம் இருக்கும்.

குணரத்தினத்துக்கும் அவர் மனைவி கமலாதேவிக்கும் அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை. கமலாதேவி அப்பம் சுடுவாள்; குணரத்தினம் பரிமாறுவார், துடைப்பார், மான் துரத்துவார். இனிமேல் கடைசித் தொழிலைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பட்டுவேட்டி கட்டி, கையில் சடங்குக் கோலோடு, அதாவது அதே விளக்குமாற்றோடு, குணரத்தினம் கடை வாசலில் நின்றார். வாழையிலையில் அப்பங்கள். சபை முழுவதும் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. கிண்ணியாவிலிருந்து வந்து ஓட்டோ ஓடுகிற முனாப், உல்லாசப் பயணிகளை ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான்.

மான்கள் வந்தன. விளக்குமாற்றைக் கண்டன. திரும்பிப் பறந்தன. அந்தக் கூட்டத்தில் உண்மை தெரிந்தவை அவை மட்டும்தான்.

"கவனிக்கவும்," என்று தலைவர் எழுந்து விளக்கம் சொன்னார். "மான் மூன்று தரம் விலகி ஓடும். நாலாம் தரம் பணிந்து வரும். அது சடங்கின் ஓர் அங்கம்."

நிரோஜினி குறித்துக்கொண்டாள். மத்தியானம் அது பொதுக்களஞ்சியத்தில் இருந்தது. பின்னேரம் தலைவர் அதை வாசித்து, "இஞ்ச பாரும், நான் சொன்னது சரியாத்தான் இருக்கு," என்றார்.

"ஏன் அண்ணே முகம் வாடிக் கிடக்கு?" என்று முனாப் கேட்டான். "உங்கட கடை வாசல்ல இவ்வளவு சனம் ஒரு நாளும் நிண்டதில்லையே."

"நிக்கிற சனம் அப்பம் தின்ன வரேல்லையடா. மான் தின்னுறதைப் பாக்க வந்தது. எனக்கு வாறவன் போறவன் எல்லாம் ஒரு மாதிரிப் பாக்கிறான். நேத்து ஒருத்தன் காலில விழுந்து கும்பிட்டவன்."

"அது நான்தான் சொன்னனான். கும்பிட்டா நல்லதெண்டு."

"நாசமாப் போவாய்!"

மூன்றாவது வெள்ளிக்கிழமை வேறோர் உத்தியோகத்தர் வந்து இறங்கினார். விலங்கு நலக் காவல் பிரிவைச் சேர்ந்த அஸ்மியா. கையில் கையேடு இருந்தது.

"மானுக்கு அப்பம் போடுறது குற்றம். வயிறு ஊதிச் செத்துப்போகும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் பிள்ளை! அதுதானே நான் இவ்வளவு காலமும் துரத்திக் கலைச்சனான்!"

"பொய் சொல்லாதீங்க." அஸ்மியா கையேட்டைத் திறந்தாள். "பதின்மூணு தலைமுறையாக் குடுக்கிறீங்க எண்டு இதில இருக்கே. ஒரு நாள் குற்றம் எண்டால் எச்சரிச்சு விடலாம். இது ஒல்லாந்தர் காலத்துக் குற்றம். மேலிடத்துக்கு அறிவிக்க வேணும். விசாரணை வரும். அது வரைக்கும் இன்னொரு தரம் குடுத்தீங்க எண்டால் கடைக்கு சீல்."

"குடுக்காட்டி அவையள் சீல் வைக்கினம், பிள்ளை."

"அது வேற பிரிவு," என்று அஸ்மியா சொன்னாள்.

குணரத்தினம் முனாப்பின் ஓட்டோவில் ஏறி உப்புவெளிக்குப் போனார். பொதுக்களஞ்சியத்தின் கட்டுரைகளைக் காவல் காக்கிற சஜீத் அங்கே இருக்கிறான் என்று முனாப் விசாரித்து அறிந்திருந்தான். விருந்தினர் விடுதி ஒன்றின் பின்னறையில் கணினிக்கு முன்னால் சாரத்தோடு உட்கார்ந்திருந்தான் சஜீத். சுவர் முழுவதும் அவன் தனக்குத் தானே அச்சடித்து ஒட்டிய பதக்கப் படங்கள்: திருத்தக் கேசரி, காற்புள்ளிக் காவலன், அடிக்குறிப்பு அரசன்.

"தம்பி, என்னைப் பற்றி எழுதிக்கிடக்கிறது முழுக்கப் பொய். அழிச்சு விடுங்கோ."

"நீங்கள் ஆர்?"

"குணரத்தினம். அப்பக்கடைக் குணரத்தினம்."

சஜீத்தின் முகம் இறுகியது. "அங்கிள், அப்ப நீங்கள் இதில வாயே திறக்கேலாது. உங்களைப் பற்றி நீங்களே கதைக்கிறது நலன் முரண்பாடு. எங்கட விதியில மன்னிப்பே இல்லாத பாவம் அதுதான்."

"என்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரியும்?"

"தெரியாத ஆக்கள் எழுதினால்தான் நடுநிலை வரும்."

குணரத்தினம் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சஜீத் அதைத் தொடவும் இல்லை.

"இது முதல்நிலை ஆவணம், அங்கிள். ஏற்கேலாது. உங்களைப் பற்றி வேறொருத்தர் எழுதி, அது அச்சில வந்திருக்க வேணும். அப்பதான் நீங்கள் குணரத்தினம்."

"என்ர கடைக்கு வந்து பாருங்கோவன், ஒரு வெள்ளிக்கிழமை."

"நான் வந்து கண்ணால பாத்தால் அது சொந்த ஆய்வு. சொந்த ஆய்வு தடை." சஜீத் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தினான். "எட்டு வருஷமாத் திருகோணமலையைப் பற்றி எழுதுறன் அங்கிள். ஒரு நாளும் ஒரு இடத்தையும் போய்ப் பாத்ததில்லை. என்ர நேர்மையில ஒருத்தரும் கை வைக்கேலாது."

முனாப் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "தம்பி, இந்த விடுதிக்குப் பின்னால கடல் இருக்கு. அதுக்குச் சான்று இருக்கா, இல்லாட்டி நாங்க ஓட்டோவ அதுக்குள்ளால ஓட்டிக்கொண்டு போகலாமா?"

"கடலுக்குச் சான்று இருக்கு," என்றான் சஜீத் எரிச்சலோடு. "கையேட்டில ஏழாம் பக்கம்."

வீட்டுக்கு வந்து குணரத்தினம் சாக்குக் கட்டிலில் விழுந்தார். கமலாதேவி தேங்காய் துருவிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"எல்லாரிட்டயும் உண்மையைத்தான் சொன்னீங்களோ?"

"பின்ன? பொய்யோ சொல்லச் சொல்லுறாய்?"

"அதுதானே பார்த்தன். அவங்கள் நாசமறுவான்கள் எல்லாரும் பொய்யைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிற இடத்தில, நீங்கள் மட்டும் உண்மையைக் கொண்டுபோய் நீட்டினால் ஆர் வாங்குவான்? இனி வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. நான் பாக்கிறன்."

கமலாதேவியின் கண்ணில் ஒரு விஷயம் பட்டிருந்தது. அதற்கு முந்திய கிழமை சபை நடத்திய மான் அப்ப மரபு விழாவில், கொழும்பிலிருந்து வந்த பிரமுகர் பொன்னாடையைக் குணரத்தினத்துக்குத்தான் முதலில் போர்த்தினார். போர்த்தி முடிந்த பிறகுதான் கொண்டுவந்த பொன்னாடை அந்த ஒன்றே என்று தெரிந்தது. தலைவருக்கு ஒரு பூச்செண்டைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அந்த நேரம் தலைவரின் முகம் புளித்த மா போலப் பொங்கி அமர்ந்ததை அவள் கவனித்திருந்தாள். அந்த மனிதர் யார்? கோயில் திருவிழாவில் வெற்றிலைத் தட்டு மரியாதையான முதல் காளாஞ்சியைத் தனக்குத் தராமல் இரண்டாவதாகத் தந்துவிட்டார்கள் என்று, அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறி, இன்று வரைக்கும் அந்தத் தெருவால் போகாதவர். சாமி வந்து கூப்பிட்டாலும் வரிசை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

மறுநாள் கமலாதேவி ஒரு தட்டு நிறையப் பாலப்பத்தோடு றோட்டைக் கடந்தாள். குணரத்தினம் பின்னாலே போனார், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஐயா, ஒரு பெரிய பிழை நடந்து போச்சு," என்று அவள் தொடங்கினாள். "இந்த மானுக்கு அப்பம் வைக்கிற மரியாதை எங்கட குடும்பத்தின்ரை இல்லை ஐயா. உங்கட குடும்பத்தின்ரை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாமியார் சாகக்கிடக்கேக்குள்ள சொன்னவ. ஐயாவின்ரை முன்னோர்தான் மானுக்கு அப்பம் குடுக்கிறது, எங்கட ஆக்கள் தட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால போறது மட்டும்தானாம். தட்டுத் தூக்கினவனுக்கு, ஐயா, பொன்னாடை போத்திப் போட்டினம். எனக்கு நித்திரை இல்லை."

குணரத்தினத்தின் தாயார் மான் என்ற சொல்லையே திட்டும்போது மட்டும் பாவித்தவர். குணரத்தினத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"ஐயா," என்று நிரோஜினி மெல்ல வாயெடுத்தாள். "இதுக்குச் சான்று..."

"பெரியாக்கள் கதைக்கேக்குள்ள குறுக்க வராதேயும் பிள்ளை!" தலைவர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். என்ர பூட்டனார் மானோட கதைப்பார் எண்டு கேள்வி. ஓமோம், இப்ப ஞாபகம் வருது. எங்கட வளவுக்குள்ள ஒரு கல்லு கிடந்தது. அது அப்பம் வைக்கிற கல்லாத்தான் இருக்க வேணும். வேற என்னத்துக்கு ஒரு கல்லு கிடக்கும்?" ஓர் அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "இந்த ருசியும் எனக்குப் பழக்கமான ருசி."

பழக்கம்தான். அவர் பத்து வருடமாக அந்தக் கடையில் சாப்பிடுகிறார்.

முதல் பதிப்பை அச்சிட ஒரு மாரி காலம் எடுத்த சபை, இரண்டாம் பதிப்பை மை காயுமுன் வெளியிட்டது. தலைவர் குடும்பத்துக்கு மட்டும் தனி அத்தியாயம். அட்டையில் பட்டுச் சால்வையோடு தலைவர் மானைத் தடவுகிற படம். மான் வெட்டி ஒட்டப்பட்டது. அவசரத்தில் கொம்பு தலைவரின் காதுக்குப் பின்னால் முளைத்திருந்தது. வெளியீட்டு விழாவில் அவர் பேசினார்.

"அன்பர்களே! எவனும் எதையும் எழுதலாம் என்ற கேடுகெட்ட காலத்தில் வாழுகிறோம். ஆனால் இந்த நூலில் எவனும் எழுத முடியாது. நான் சொன்னதை மட்டுமே எழுத முடியும். ஆகவே இது நம்பகமானது. நான் யார்? மெய்ப்பித்தல் சபையின் தலைவர். என்னைப் பற்றிய உண்மையை மெய்ப்பிக்கும் அதிகாரம் என்னிடம்தான் இருக்கிறது. இதைவிடப் பெரிய நடுநிலை உலகத்தில் எங்கே இருக்கிறது?"

கைதட்டல் ஓய முதலே சஜீத் உப்புவெளியிலிருந்து கட்டுரையைத் திருத்திவிட்டான். 'ஒல்லாந்தர் காலம் முதல் சபைத் தலைவரின் குடும்பத்தினரே வாராவாரம் மான்களுக்கு அப்பம் ஊட்டி வருகின்றனர். குணரத்தினம் குடும்பத்தினர் எனக் கருதுவது தவறான நம்பிக்கை.' அடிக்குறிப்பு பளிச்சென்று இருந்தது. குணரத்தினம் என்ற பெயரின் கீழ் எழுதியிருந்தது அவ்வளவு மட்டும்தான். தன்னை ஒரு தவறான நம்பிக்கை என்று வாசித்தபோது அவருக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

கடை அனுமதிக்கான சிபாரிசும் அதே வாரம் வந்தது. 'மரபு எதுவுமற்ற சாதாரணக் கடை' என்று தலைவரே கைப்பட எழுதியிருந்தார்.

விசாரணையை மேலிடம் அஸ்மியாவிடமே ஒப்படைத்தது. விசாரணை நாளன்று, அவள் முதலாம் பதிப்பை மூடி வைத்துவிட்டு இரண்டாம் பதிப்பைத் திறந்தாள். குணரத்தினத்தைப் பின் வரிசையில் இருக்கச் சொன்னாள். குற்றவாளிக் கதிரையில் தலைவர் ஐயா.

"மானுக்கு அப்பம் குடுக்கிறது குற்றம். உங்கட குடும்பம் ஒல்லாந்தர் காலத்தில இருந்து குடுக்குது எண்டு நீங்களே அச்சடிச்சிருக்கிறீங்க. ஓமா, இல்லையா?"

குணரத்தினம் கமலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டால் போதும். எல்லாம் நிரோஜினி பொதுக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதிய கட்டுக்கதை, என் பூட்டனாருக்கு மானும் தெரியாது அப்பமும் தெரியாது என்றால், அவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பந்து திரும்பக் குணரத்தினத்தின் கடைக்குள் வந்து விழும். முதலாம் பதிப்பு இன்னும் மேசையிலேதான் இருந்தது.

தலைவர் வாய் திறந்தார். "அது வந்து, பிள்ளை... அந்த நூல்..."

அவருடைய கண் பின் வரிசைக்குப் போயிற்று. அன்றைக்குக் குளிராக இருந்ததால், கமலாதேவி குணரத்தினத்தின் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டிருந்தாள். மான் அப்ப மரபு விழாவில் கொழும்புப் பிரமுகர் போர்த்திய அதே பொன்னாடை. வெயில் கொளுத்துகிற மாதத்தில் அவளுக்கு மட்டும் எப்படிக் குளிர்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தலைவர் எழுந்து நின்றார்.

"ஓம்! குடுத்தது நாங்கள்தான்! நாங்கள் மட்டும்தான்! ஒரு தட்டுத் தூக்கிக்கு அந்தக் குற்றத்தைச் செய்யிற தகுதி கிடையாது. என்ர பூட்டன் குடுத்தான், பாட்டன் குடுத்தான், அப்பன் குடுத்தான், நான் குடுக்கிறன்! தண்டிக்கிறதெண்டால் என்னை முதலில தண்டியுங்கோ!"

'முதலில' என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது.

அஸ்மியா தண்டித்தாள். பழக்கப்பட்ட பரம்பரைக் குற்றவாளி என்பதால், எந்த மானும் நிற்கிற இடத்தின் பக்கம் இனி அவர் நெருங்கவே கூடாது என்று உத்தரவு. நெருங்கினால் மறியல், அதாவது சிறை. தலைவர் உத்தரவை இரண்டு கையாலும் வாங்கி, வாசிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்டங்களின் வரிசையில் அதையும் எழுதுவிக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அதை வாசித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. திருகோணமலையில் மான் நிற்காத இடம் எது? அவருடைய கந்தோர் வாசலிலேயே, பொன் எழுத்துப் பலகைக்குக் கீழே, ஒரு குடும்பமே படுத்து அசைபோடும். முதல் நாள் அவர் தெரு முனை வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் நாளும் அப்படியே. சபைக் கூட்டங்கள் அவர் இல்லாமல் நடக்கத் தொடங்கின. அவருடைய கதிரை வெறுமையாக இருப்பதை ஆரம்பத்தில் யாரும் கவனிக்கவில்லை; பிறகு கவனித்து, நிரோஜினியை அதில் உட்காரச் சொன்னார்கள். தலைவர் வீட்டில் கிடந்து கொதித்தார். கந்தோருக்குள் ஒரு தரம் நுழைந்துவிட்டால் போதும், கதிரையை மீட்டுவிடலாம். அதற்கு வாசலில் மான் இல்லாத ஒரு நேரம் வேண்டும். அந்த வாசல் முழுவதாகத் தெரிகிற இடம் ஊரில் ஒன்றுதான்.

ஒரு காலை, அடுப்பு மூட்டுகிற நேரம், குணரத்தினத்தின் போன் அடித்தது.

"குணரத்தினம்," என்றது மறுமுனை. குரலில் முன்பில்லாத குழைவு. "தம்பி, ஒருக்கா வெளியில எட்டிப் பாரும். எங்கட கந்தோர் வாசலில மான் நிக்குதோ?"

குணரத்தினம் எட்டிப் பார்த்தார். றோட்டு வெறிச்சென்று கிடந்தது. எதிர்ப்பக்கம் வாசலில் ஒரு காகம் கூட இல்லை. உள்ளே கமலாதேவி சட்டியைச் சுழற்றிச் சுழற்றி மாவைப் படரவிட்டுக்கொண்டிருந்தாள். முறுகல் வாசம் வந்தது. வாசலோரம் முதல் வாடிக்கையாளர் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், மானைப் பார்க்க அல்ல, சாப்பிட.

வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிக்குது ஐயா. ரெண்டு பெரிசு, ஒரு குட்டி. அங்கால இன்னும் கொஞ்சம் வருகுது போல கிடக்கு. இண்டைக்கு எழும்பாதுகள்."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "சரி தம்பி. அப்ப நாளைக்குப் பாப்பம்," என்று தலைவர் ஐயா போனை வைத்தார்.

சான்று கேட்கவேயில்லை.